பதினைந்தாவது பயனாளி

முப்பத்து நான்கு வயதாகியும் வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பிறக்கும்போதே மூச்சு முட்டிப் பிறந்தவள். நடந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழும். வலது கை மடங்கியே இருக்கும். பேச்சு குழறும். மூளைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதை அவள் குழறிக் குழறிச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள்.

அம்மா அப்பா போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதி, எதற்கும் முன்கூட்டியே பயப்படும் குணம் வந்துவிட்ட மனிதர். அண்ணி கெட்டவள் இல்லை. குளிப்பாட்டிவிட்டாள், ஊட்டிவிட்டாள், தலை பின்னிவிட்டாள். அவளை எதிரில் வைத்துக்கொண்டே "பாப்பாவுக்குப் பசிக்குதான்னு தெரியலையே" என்று அண்ணனிடம் சொல்வாள். பாப்பாவிடம் கேட்க மாட்டாள். யாராவது விருந்தாளி வந்தால் உள்ளறைக் கதவை மெல்லச் சாத்திவிடுவாள்.

ஒரு நாள் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. ஊனமுற்றவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறோம், அவங்ககிட்டயே பேசணும் என்றது ஒரு பெண் குரல். அண்ணிக்கு அடுப்பில் வேலை. சிரித்துக்கொண்டே ரிசீவரைப் பாப்பாவின் காதில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாப்பா ஒரு வாக்கியம் பேசினாள். வழக்கம்போல எதிர்முனை "ஹலோ, ஹலோ" என்று கத்தும் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"வீட்டை விட்டு வெளிய போயி எட்டு வருஷம் ஆச்சுன்னு சொல்றே. சரிதானே?" என்றது குரல். "ஆச்சரியப்படாதே. இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ நான். இடி மின்னல்ல கூட லைன் கேட்டவ. நீ பேசறது எனக்கு நல்லாவே கேக்குது."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை எல்லோரும் ஆப்பரேட்டர் அக்கா என்பார்கள். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஓய்வு பெற்றதும் கையிலிருந்ததைப் போட்டு ஒரு மையம் தொடங்கியிருந்தாள். மூடிப்போன அச்சகம் ஒன்றின் தரைத்தளம் அது. மெஷின்களைத் தரையோடு பூட்டியிருந்த போல்ட்டுகளை அறுத்தெடுத்து, சக்கர நாற்காலி தடையில்லாமல் உருளும்படி சிமென்ட் பூசியிருந்தார்கள். சிகிச்சை, பிரார்த்தனை, தையல் வகுப்பு எதுவும் அங்கே இல்லை. பஸ் ஏறுவது எப்படி, பூட்டுத் திறப்பது எப்படி, கீழே விழுந்தால் யாரையும் கூப்பிடாமல் எழுவது எப்படி, இவற்றை ஊனமுற்றவர்களே ஊனமுற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

முதல் மாதம் அண்ணனே கொண்டுவந்து விட்டார். இரண்டாவது மாதம் அவள் பஸ்ஸில் வந்தாள். டிப்போவில் இருந்துகொண்டு அந்தப் பஸ் எங்கே போகிறது என்று ஒவ்வொரு நிறுத்தமாக விசாரித்துக்கொண்டிருந்தார் அண்ணன்.

மையத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கீபோர்டின் மேல் துளையிட்ட பலகை ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். விரல் நடுங்கினாலும் துளைக்குள் போன விரல் பக்கத்து எழுத்தில் படாது. இடது கை ஆள்காட்டி விரலால் அடித்து அடித்து ஒரே வருஷத்தில் மையத்தின் கடிதங்களெல்லாம் அவள் பொறுப்பாகின. ஆப்பரேட்டர் அக்கா சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். ஒற்று விட்டுப்போனால் அக்காவுக்குத் தெரியாது, ஆனால் அவளுக்குத் தூக்கம் வராது. அங்கே யாரும் அவளைப் பாப்பா என்று கூப்பிடவில்லை. டைப்பிஸ்ட் என்றார்கள். வெளியாட்களுக்கும் அடித்துக் கொடுத்து வாடகைக்கு வருமளவு சம்பாதித்ததும் தனி அறை பார்த்தாள்.

சலவைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற லாரி டிரைவர். குடிவந்த அன்று அண்ணி அழுதாள். அண்ணன் ஜன்னல் கம்பிகளை ஆட்டி ஆட்டிப் பார்த்தார், கேஸ் அடுப்பு வேண்டாம் என்று கெஞ்சினார். அவள் கரண்ட் அடுப்பு வாங்கினாள். காய் நறுக்க அவளே ஒரு யோசனை செய்து, பலகையின் அடியிலிருந்து இரண்டு ஆணிகளை மேலே நீட்டியிருக்கும்படி தச்சரிடம் அடிக்கச் சொன்னாள். வெங்காயத்தை அதில் குத்திவிட்டால் ஒரு கை போதும். சாவியின் தலையில் கரண்டிக் காம்பு ஒன்றைக் கட்டிக்கொண்டதால் மணிக்கட்டாலேயே பூட்டைத் திருப்ப முடிந்தது. வாரத்துக்கு ஒரு தரம் விழுவாள். முழங்காலில் எப்போதும் ஒரு காயம் இருக்கும். அதற்கு அவளே மருந்து போட்டுக்கொள்வாள். இப்படி மூன்று வருஷம் போனது.

அந்த மூன்று வருஷமும் ஆப்பரேட்டர் அக்கா மானியத்துக்கு அலைந்துகொண்டிருந்தாள். வாடகை, கரண்ட், ஆட்கள் என்று மையம் மூச்சுத் திணறியது. அதைவிடப் பெரிய கவலை பெயின்ட்டர்.

பெயின்ட்டர் நாலு மாடிக் கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்தவர். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மா செத்த பிறகு அவரை ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடானது. அங்கே போனவர்கள் படுக்கைப் புண்ணோடுதான் வெளியே வந்தார்கள், அதுவும் வந்தால். அக்கா விடவில்லை. மையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் அவரைக் குடிவைத்து, தெரிந்தவர்களை முறை போட்டு அனுப்பினாள். இரண்டு மணிக்கு ஒரு தரம் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முறை தவறிய நாட்களில் அக்காவே தடவித் தடவிப் போய்த் திருப்பினாள்.

கடைசியில் ஒரு திட்டம் வந்தது. சுயவாழ்வு மையங்களுக்கான மானியத் திட்டம் என்று பெயர். நிரந்தர உதவியாளர்கள், தூக்கு வசதியுள்ள வேன், சாய்தளம் எல்லாவற்றுக்கும் பணம் உண்டு. விண்ணப்பத்தை டைப்பிஸ்ட் வாசிக்க, அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். ஐந்தாம் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். பயனாளிகள் மூன்று பிரிவு. முழுவதும் பிறரைச் சார்ந்திருப்பவர் அ. ஓரளவு சார்ந்திருப்பவர் ஆ. தனித்து வாழ்பவர் இ. மானியம் பெற குறைந்தது பதினைந்து பேர் அ பிரிவில் இருக்க வேண்டும். இ பிரிவுக்கு எதுவும் இல்லை. சுயமாக வாழ வைப்பதற்கான திட்டத்தில், சுயமாக வாழ்பவர்களைக் காட்டினால் ஒரு காசு வராது.

அக்கா விரல் விட்டு எண்ணினாள். எப்படி எண்ணினாலும் பதினான்குதான் வந்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். "ஒரு எழுத்துதான்மா. இ-ங்கறத அ-ன்னு அடிக்கணும். நீ பாட்டுக்கு உன் ரூம்ல இருக்கப்போறே. காகிதத்துல யாரு வாழ்றா?"

"பொய்தானேக்கா?"

"பொய்தான். அவங்களே கேட்டு வாங்கற பொய். நாம என்ன பண்றது?"

டைப்பிஸ்ட் பெயின்ட்டரை நினைத்துக்கொண்டாள். முந்தின நாள்கூட அவர் இடுப்பில் சிவப்பாக ஒரு தடம் பார்த்திருந்தாள். அன்று மாலையே அந்தப் பக்கத்தை அடித்தாள். விண்ணப்பத்தில் ஏற்கெனவே அச்சாகியிருந்த உறுதிமொழியையும் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. 'இவரால் பிறர் உதவியின்றித் தனித்து வாழவோ, தனக்கான முடிவுகளை எடுக்கவோ இயலாது.' அரசாங்கத்தின் வாக்கியத்தில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. அதையும் திருத்தி அடித்தாள். பாதுகாவலர் என்ற இடத்தில் அண்ணனின் பெயரும் முகவரியும் கேட்டார்கள். அடித்தாள். டாக்டர் பதினைந்து தாளிலும் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த மூன்று மாதத்தில் மானியம் வந்துவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, நிறைய நடந்தது. வேன் வந்தது. மூன்று உதவியாளர்கள் வந்தார்கள். பெயின்ட்டரின் இடுப்புத் தடம் மறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வேனில் ஏற்றி, அவர் கடைசியாக வண்ணமடித்த அந்தக் கட்டடத்தைக் காட்டக் கூட்டிப்போனார்கள். வெளுத்துப்போச்சு, சரக்கு சரியில்ல என்று அவர் குறை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். டைப்பிஸ்டும் சிரித்தாள்.

சில மாதங்கள் கழித்து, மானியம் கொடுத்த அரசுத் துறையிலிருந்து ஒரு கடிதம் அண்ணன் வீட்டுக்கு வந்தது. அ பிரிவுப் பயனாளியின் பாதுகாவலருக்கு என்று தொடங்கியது. உங்கள் பொறுப்பில் உள்ளவர் தனி அறையில் வசிப்பதாகக் கள விசாரணையில் தெரிகிறது. முடிவெடுக்க இயலாத ஒருவரைத் தனியே விடுவது பாதுகாவலரின் கவனக்குறைவாகக் கருதப்படும். பதினைந்து நாட்களுக்குள் அவரை உங்கள் இல்லத்திலோ அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்திலோ சேர்த்துத் தகவல் தர வேண்டும். கீழே முத்திரை.

அண்ணன் அந்தக் கடிதத்தை டிப்போவில் மூன்று பேரிடம் காட்டினார். மூன்று பேரும் அவருடைய வேலைக்கே ஆபத்து என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன சரக்கு வண்டியோடு சலவைக் கடை வாசலில் வந்து நின்றார்.

"நீ அடிச்ச காகிதம்தானே பாப்பா இது?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். "உன்னால முடியாதுன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கே. நான்தான் இத்தனை வருஷமா முடியும்போலன்னு நம்பிட்டு இருந்தேன்."

அவள் இல்லை என்றாள். மானியத்துக்காக எழுதியது என்றாள். அண்ணனுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியும் அவரைப் பயமுறுத்தியது. அப்படியானால் அது மோசடி, வெளியே சொல்லாதே என்றார். வீட்டுக்காரர் கடிதத்தைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டு, முத்திரையைத் தடவிப் பார்த்தார். தங்கமான பொண்ணு, ஒரு நாள் வாடகை தாமதமில்ல, ஆனா எனக்கெதுக்கும்மா வம்பு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் ஆப்பரேட்டர் அக்காவுக்குப் போன் செய்தாள்.  ஆறு மாசம் பொறுத்துக்கோ, மானியத்தோட இரண்டாவது தவணை வரட்டும், நானே சரி பண்றேன் என்றாள் அக்கா. சாமான்கள் ஒரே நடையில் ஏறிவிட்டன. அண்ணன் அவளைத் தூக்கி முன் இருக்கையில் வைத்தார். அவளே ஏறியிருப்பாள்.

அண்ணி நன்றாகத்தான் வரவேற்றாள். உள்ளறையில் புது மெத்தை போட்டிருந்தாள். இரண்டாம் நாள் காலை குளியலறைத் தாழ்ப்பாள் கழற்றப்பட்டிருந்தது. உள்ளே விழுந்தா என்ன பண்றது என்றார் அண்ணன். மூன்றாம் நாள் அண்ணி சோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். டைப்பிஸ்ட் வேண்டாம் என்றாள். அண்ணி அதைக் கேட்காதவள்போல முதுகு தேய்த்தாள்.

தினமும் காலை வேன் வந்து அவளை மையத்துக்கு ஏற்றிப்போனது. ஏறியதும் உதவியாளர் பெல்ட்டை மாட்டிவிடுவார். அ பிரிவுக்கு அப்படித்தான் மாட்டிவிட வேண்டுமாம். மானியத்தோடு ஒரு மேலாளரும் வந்திருந்தார். பட்டம் பெற்றவர், பதிவேடுகளில் கெட்டிக்காரர். கம்ப்யூட்டர் இருந்த அறை அவருடைய அறையானது. வருகைப் பதிவேட்டில் அவள் கையெழுத்துப் போடப் போனபோது தடுத்து, மை டப்பாவை நகர்த்தினார். முடிவெடுக்க முடியாதவர் கையெழுத்துப் போட்டால் தணிக்கையில் கேள்வி வரும், கைநாட்டு போதும் என்றார். பயிற்சி வகுப்பில் புதிதாக வந்த பயிற்சியாளர் பெண் ஒரு பலகையை எடுத்துக் காட்டினாள். இதோ பாருங்க, ரெண்டு ஆணி, இதுல வெங்காயத்தைக் குத்திட்டா ஒரு கையாலயே நறுக்கலாம் என்று மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். பலகையை யார் யோசித்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. டைப்பிஸ்ட் நறுக்கினாள். அந்தப் பெண் கைதட்டினாள்.

துறைக்கு அவளே ஒரு கடிதம் அடித்தாள். மேலாளர் சாப்பிடப் போன நேரத்தில் அடித்தது. நான் தனியாக வாழ முடிந்தவள், பிரிவை மாற்றுங்கள் என்று நான்கே வரி. பதில் அண்ணன் பெயருக்கு வந்தது. கோரிக்கைகளைப் பாதுகாவலர் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று இருந்தது. அண்ணனிடம் கையெழுத்துக் கேட்டாள். அண்ணன் இரண்டு நாள் அந்தத் தாளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். பிறகு, நான் போட்டு, நாளைக்கு நீ எங்கயாவது விழுந்து வெச்சா என்னைத்தானே பிடிப்பாங்க என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆறு மாதம் எட்டானது. இரண்டாவது தவணை வந்தது. அவள் அக்காவின் முன் போய் உட்கார்ந்தாள். நான் தப்பா எழுதிட்டேன்னு ஒரு கடிதம் குடுங்க, அவ்வளவுதான் என்றாள்.

அக்கா கை இரண்டையும் மேஜையில் வைத்துக்கொண்டாள். "எழுதினா மொத்தத்தையும் திருப்பிக் கேப்பாங்க. பதினாலு பேரு பதினஞ்சு ஆகாது. வேன் போகும். ஆளுங்க போவாங்க. பெயின்ட்டரை யாரு திருப்பிப் படுக்க வெப்பா, நீயா?"

"நீங்க சரி பண்றேன்னீங்க."

"சொன்னேன்" என்றாள் அக்கா. 

வருடாந்திர ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றார்கள். எழுதிக் கொடுத்தால் மறுபடி பாதுகாவலர் வழியாக வரச் சொல்வார்கள் என்று, நேரில் பேச டைப்பிஸ்ட் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தாள். தன் வாயில் எந்த எழுத்து உடையும் என்று அவளுக்குத் தெரியும். உடையாத சொற்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். நான் தனியா இருந்தேன். நானே சமைச்சேன். இந்தப் பேப்பர் பொய். என்னை விடுங்க. குளியலறையில், வேனில், படுக்கையில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

அதிகாரி நல்ல மனிதராகவே தெரிந்தார். சக்கர நாற்காலிக்காரர்களிடம் குனிந்து பேசினார். சாய்தளத்தில் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தார். அவளிடம் வந்ததும் குரலை மென்மையாக்கி, எல்லாம் சௌகரியமா இருக்கா என்று கேட்டார். அவள் எழுந்து நின்று நான்கு வாக்கியத்தையும் சொன்னாள். அவளுக்கு நன்றாகவே வந்ததாகத் தோன்றியது. அதிகாரி சிரித்த முகத்தோடு மேலாளரைப் பார்த்தார். மேலாளர் எனக்குப் புரியாதுங்க, அக்காவுக்குத்தான் அவ பாஷை புரியும் என்று அக்காவைக் காட்டினார்.

அக்கா சுவரோரம் நின்றிருந்தாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவளுடைய தாடை ஒரு முறை இறுகித் தளர்ந்ததை டைப்பிஸ்ட் பார்த்தாள்.

"வேன் வந்ததுல இருந்து ரொம்ப நிம்மதியா இருக்காம். உங்களுக்கு நன்றி சொல்றா" என்றாள் அக்கா.

அதிகாரி எழுதிக்கொண்டார். டைப்பிஸ்ட் மறுபடி சொன்னாள். பதற்றத்தில் எல்லா எழுத்தும் உடைந்தது. மூன்றாம் தடவை வெறும் கூச்சலாகத்தான் வந்தது. எச்சில் வழிந்தது. உதவியாளர் ஓடிவந்து தோளைப் பிடித்து உட்கார வைத்துத் துண்டால் வாயைத் துடைத்தார். பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க என்றார் அதிகாரி. நகர்ந்து அடுத்தவரிடம் போனார்.

மாலையில் எல்லோரும் போன பிறகு, வேன் கிளம்பும் முன், அவள் அக்காவின் அறைக்குப் போனாள். இழுத்து இழுத்து வரும் காலடியிலேயே அக்காவுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. உட்காரு என்றாள். அவள் உட்காரவில்லை.

"எக்ஸ்சேஞ்சுல என்னைக்காவது இப்படிப் பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல" என்றாள் அக்கா. "யார் யாரைத் திட்டினாலும் அப்படியேதான் இணைப்பு குடுத்தேன். அங்க யாரோட உயிரும் என் கையில இல்ல."

டைப்பிஸ்ட் திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு அவள் அக்காவிடம் பேசவில்லை. தான் பேசுவதைப் புரிந்துகொள்ள உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்பதே இவ்வளவு நாள் அவளுக்கு ஒரு பலமாக இருந்தது. புரிந்தும் மாற்றிச் சொல்ல முடியும் என்று தெரிந்தபோது புரியாதவர்களே தேவலை என்று தோன்றியது.

பெயின்ட்டருக்கு விஷயம் எப்படியோ எட்டியது. ஆள் அனுப்பி வரச் சொன்னார். அவர் கட்டில் தலைமாட்டில் கண்ணாடி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில்தான் வருபவர்களைப் பார்ப்பார். அதில் அவளைப் பார்த்துக்கொண்டே, "எனக்காகத்தான் உன்னைப் பிடிச்சுக் குடுத்தாங்கன்னு யாரும் எங்கிட்ட சொல்லலியே" என்றார். அவள் கண்ணாடிக்கு நேராக நகர்ந்து நின்றாள். "கேஸ் போடு. என் மூஞ்சியைப் பாத்து நிறுத்திடாதே. நான் விழுந்தது உன்னாலயா?" என்றார்.

இலவசச் சட்ட உதவி அலுவலகத்தில் ஒரு பெண் வக்கீல் கிடைத்தார். சளி பிடித்தவர், எந்நேரமும் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஆனால் அவள் அடித்துக் கொடுத்த பதினொரு பக்கத்தையும் அவள் எதிரிலேயே உட்கார்ந்து முழுதாகப் படித்தார். பாதுகாவலர் பதிவை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டார்கள். எதிர்மனுதாரர்களாகத் துறை, மையம், அண்ணன் என மூன்று பேர்.

மனு ஏற்கப்பட்ட மறு வாரமே துறை மானியத்தை நிறுத்தி வைத்தது. விசாரணை முடியும் வரை என்றார்கள். வேன் நின்றது. மேலாளர் வேறு வேலைக்குப் போனார். உதவியாளர்கள் ஒரு மாதம் சம்பளமில்லாமல் வந்து பார்த்தார்கள், பிறகு அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. ஆப்பரேட்டர் அக்கா பழையபடி முறை போட்டுப் பார்த்தாள். இப்போது யாரும் சரியாக வரவில்லை. இலவசமாகச் செய்ததற்கு இடையில் சம்பளம் வந்துபோனால் அப்புறம் பழையபடி ஆகாதுபோல. பெயின்ட்டரைக் காப்பகத்து வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அக்கா கட்டிலைப் பிடித்தபடி வண்டி வரை நடந்தாளாம், கதவு சாத்திய பிறகும் கையை எடுக்கவில்லையாம். அங்கே இருந்தவர்கள் சொன்னது. மையத்தில் பலர் டைப்பிஸ்டின் பெயரைச் சொல்லவே மறுத்தார்கள். அவ நல்லா இருக்கணும்னு எல்லாரையும் நடுத்தெருவுல விட்டுட்டா என்று ஒருவர் அவள் காதுபடவே சொன்னார். அதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியோடு அவள் தூங்க வேண்டியிருந்தது.

காப்பகத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்தாள். அண்ணன் கூட வந்தார். நாற்பது கட்டில் இருந்த கூடத்தில் பெயின்ட்டரின் கட்டில் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் சுற்றிக்கொண்டு போய் முகத்தெதிரே நின்றாள். கேஸ் தேதி என்னாச்சு என்றுதான் முதலில் கேட்டார். தள்ளி வெச்சிருக்காங்க என்றாள். சுவருக்கு எவனோ ஒரே ஒரு கோட்டு பெயின்ட் அடிச்சிருக்கான் பாரு, பேத்துக்கிட்டு வருது என்றார். போர்வையை விலக்கி இடுப்பைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வழக்கு விசாரணைக்கு அவள் தனியாகப் போக முடியாது. பாதுகாவலர் உடன் வர வேண்டும் என்று உத்தரவு. ஆக, தனக்கு எதிரான வழக்குக்கு அண்ணனே லீவு போட்டு அவளைக் கூட்டிப்போனார். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் முன்பே போய்விடுவார். அவள் பையை அவர்தான் சுமந்தார். அதற்குள் அவருக்கு எதிரான காகிதங்கள் இருந்தன.

ஐந்தாவது தடவை போனபோது லிப்ட் வேலை செய்யவில்லை. இரண்டாம் மாடி. அண்ணன் தூக்க வந்தார். அவள் கையைத் தட்டிவிட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள். ஒரு படிக்கு ஒரு மூச்சு. வக்கீல்கள் இருபக்கமும் ஒதுங்கிப் போனார்கள். அண்ணன் இரண்டு படி கீழே, கைகளை விரித்தபடியே ஏறி வந்தார். மேலே சேர்ந்தபோது அவளைவிட அவருக்குத்தான் அதிகமாக வியர்த்திருந்தது.

நீதிபதி விடுப்பில் இருந்தார். வழக்கு இன்னும் ஏழு வாரம் தள்ளிப்போயிற்று. வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டே தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார், அன்றைக்கு டிப்போவில் யாரை மாற்றிவிடுவது என்று யோசித்தார்.

இருவரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணன் போய் இரண்டு டம்ளரில் டீ வாங்கிவந்தார். ஒன்றை ஊதி ஆற்றி அவள் வாயருகே கொண்டுவந்தார்.

"கீழ வை" என்றாள்.

"சூடா இருக்கு பாப்பா."

"தெரியும். வை."

அவர் பெஞ்சில் வைத்தார். அவள் இடது கையை நீட்டினாள். நடுக்கம் நிற்கும்வரை காத்திருந்து எடுத்தாள். பாதி சிந்திப் புடவையில் ஊறியது. தொடை சுட்டது. மீதியைக் குடித்தாள். அண்ணன் கைக்குட்டையை வெளியே எடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை விரல்களில் சுற்றியபடி சும்மா வைத்துக்கொண்டிருந்தார்.